மாப்பிள்ளைக் கத்திக்கு மூன்று கோடு

போன வாரம் கிங்ஸ் சர்க்கிளுக்குக் காய்கறி வாங்கப் போனவன் வெறும் பையோடும் கோபத்தோடும் திரும்பி வந்தேன். நடைபாதையில் ஒருவர் கத்தி விற்றுக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும், பேச்சு நம்ம தெற்கத்திப் பேச்சு. ஒரு கையில் செய்தித்தாளைத் தொங்கவிட்டு, மறு கையில் இருந்த பளபளக் கத்தியைச் சர்ரென்று இழுத்தார். தாள் இரண்டாகப் போயிற்று. ஆபீஸ் பையோடு நின்றவர்கள்கூட ஆகா என்று தலையாட்டினார்கள். இரண்டு பேர் அங்கேயே வாங்கிவிட்டார்கள்.

நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். அவரும் ஒரு பதில் சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தப் பேப்பர் வெட்டும் வித்தை என் கண்ணில் பட்டாலே எனக்கு ஏன் கோபம் தலைக்கு ஏறுகிறது என்று சொல்லிவிடுகிறேன். எந்த இரும்பில் கூர் அதிக நேரம் நிற்கும் என்று எழுதித் தாருங்கள் என நம் சங்கத்து ஆண்டு மலர் போடுகிறவர்கள் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது. இதோ எழுதுகிறேன். ஆனால் இது வெறும் இரும்பு சமாசாரமாக இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவன் இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி வந்து, மாட்டுங்காவில் ஒரு சவரக்கடையில் தரை பெருக்கி, அங்கே சவரக்கத்தி தீட்டப் பழகினேன். யாரும் சொல்லித் தரவில்லை. கல் இருந்தது, கத்தி இருந்தது, வெட்டிக்கொள்ள என் விரலும் இருந்தது. மூன்று வருஷத்தில் விரல் வெட்டுப்படுவது நின்றது. அப்போது தாராவியில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் கத்தி தீட்ட ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். உலகச் சண்டை தொடங்கியிருந்த நேரம். பட்டாளத்துக்குப் பூட்ஸ் தோல் கேட்டுக் கேட்டு எங்கள் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

தோல் வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். மாட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, மயிரை உருவி எடுப்பார்கள். அடுத்தது சதை சீவுவது. சாய்வாக நிறுத்திய உருண்டை மரத்தின் மேல் தோலைப் போட்டு, வயிற்றால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த நீளக் கத்தியால் மேலிருந்து கீழே தள்ளவேண்டும். ஒட்டியிருக்கிற சதையும் கொழுப்பும் போகவேண்டும், தோலில் கீறல் விழக்கூடாது. கத்தி கூராக இருந்தால் அது பாட்டுக்குப் போகும். மொண்ணையானால் வழுக்கும். வழுக்குகிறதே என்று அழுத்தினால் திடீரென்று கடிக்கும். கடித்த இடத்தில் ஓட்டை. அந்தத் தோல் பூட்ஸுக்கு ஆகாது.

எங்கள் ஷாப்பில் சதை சீவுகிறவர்கள் ஏழு பேர். அதில் முதல் கை சுடலைமுத்து அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மற்றவர்கள் மத்தியானத்துக்குள் ஆறு தோல் முடித்தால் அவர் எட்டு முடிப்பார். வாயும் கையைப் போலத்தான் ஓடும். மொண்ணைக் கத்தியைப் பற்றி அவர் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை: "குடிகாரன் கூட நடந்து போற மாதிரில இது. எங்க சாயும்னு அதுக்கே தெரியாது." காலையில் நான் கத்தியைக் கொடுத்ததும் கட்டைவிரல் நகத்தில் மெதுவாக வைத்துப் பார்ப்பார். நகத்தில் கடித்து நின்றால் நல்ல கூர். வழுக்கினால் திருப்பித் தருவார். எனக்குத் திருப்பித் தந்ததே இல்லை. அதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. மொண்ணையான கத்தியை யார் கையிலும் கொடுத்தவன் இல்லை நான். அந்தத் திமிர்தான் பின்னால் வந்து குடியைக் கெடுத்தது.

எங்கள் சூப்பர்வைசருக்கு வைத்தி சார் என்று பேர். மாட்டுங்காவிலிருந்து தினமும் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட்டில் வருவார். கத்திப் பேசமாட்டார். யாரையும் கெட்ட வார்த்தை சொல்லமாட்டார். என்ன சொன்னாலும் "பார்த்துக்கலாம்" என்பார். பார்க்கமட்டும் மாட்டார். சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் அவர் கால் பட்டு நான் பார்த்ததில்லை. மாடிப்படியில் நாலாவது படியில் நின்று, மடித்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, அங்கிருந்தே வேலையைப் பார்த்துவிட்டுப் போவார். கத்துகிற அதிகாரியோடு சண்டை போடலாம். மரியாதையாகப் பேசிக் கழுத்தை அறுக்கிறவரோடு என்ன சண்டை போடுவது?

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. கத்தியை நான் மட்டும்தான் தீட்டவேண்டும், காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. நடுவில் எவரும் கல்லைத் தொடக்கூடாது. ஆளாளுக்குத் தீட்டி இரும்பைத் தேய்த்துத் தீர்க்கிறார்கள் என்பது அவர் கணக்கு. கப்பலில் வந்த பழைய சீமைக் கத்திகள் இருந்தவரை அந்தச் சட்டத்தால் தொந்தரவு இல்லை. அந்த இரும்பு மத்தியானம் வரை தாங்கும்.

சண்டையில் கப்பல் வராமல் போனதும் சீமைக் கத்தி நின்றது. இருந்தவையும் தேய்ந்து பட்டையாகிவிட்டன. வைத்தி சார் எங்கிருந்தோ புதுக் கத்திகள் வரவழைத்தார். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. துருவே பிடிக்காது என்றார். லஞ்சம் வாங்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, வாங்கியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். தான் தேர்ந்தெடுத்த சாமான் கெட்டதாக இருக்க வழியில்லை என்று நம்புகிற ஜாதி மனுஷர் அவர். அது லஞ்சத்தைவிட மோசம்.

சுடலை அண்ணன் முதல் நாளே அதற்கு மாப்பிள்ளைக் கத்தி என்று பேர் வைத்துவிட்டார். "வரும்போது மினுக்கிட்டு வருது, வேலை சொன்னா வளைஞ்சிக்கிட்டு நிக்குது." ஷாப் முழுக்க அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ஆனால் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. தோலில் ஓட்டை விழத் தொடங்கியது. பட்டாளத்து ஆட்கள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு தோலிலும் வால் பக்கம் சீவினவன் அடையாளம் வெட்டியிருக்கும். சுடலை அண்ணனுக்கு இரட்டை வெட்டு. திரும்பி வந்ததில் இரட்டை வெட்டுத் தோல்தான் அதிகம்.

ஏன் அதிகம்? ஒரே கத்தியில் எட்டுத் தோல் சீவுகிறவர் அவர் ஒருத்தர்தான். கத்தி மூன்றாம் தோலிலேயே செத்துப்போனால், செத்த கத்தியில் அதிகம் வேலை செய்தவன் கையில்தானே அதிகம் ஓட்டை விழும்? தொழுவத்தில் நிற்கிற மாட்டுக்குக்கூட விளங்குகிற விஷயம் நாலாவது படியில் நின்றவருக்கு விளங்கவில்லை.

"கத்தியிலே கோளாறு இல்லைப்பா. கை கெட்டுப்போச்சு," என்றார் வைத்தி சார், சுடலை அண்ணனை எதிரே நிற்கவைத்துக்கொண்டு, ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்று சொல்வதுபோல.

வெளியிலிருப்பவர்களுக்கு இந்த வார்த்தையின் கனம் தெரியாது. சதை சீவுகிறவனுக்குக் கை கெட்டது என்று ஒரு ஷாப்பில் சொல்லிவிட்டால், அன்று சாயந்தரத்துக்குள் தாராவி முழுக்கத் தெரிந்துவிடும். எந்த ஷாப்பும் அவனைச் சீவுகிற மரத்தின் முன்னால் நிற்கவிடாது. வேலை போவது ஒன்று, பேர் போவது வேறு. சுடலை அண்ணன் தன் கையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

நான்தான் குறுக்கே விழுந்தேன். சோதித்துக் காட்டுகிறேன் சார், இரண்டு வாரம் கொடுங்கள் என்றேன். பார்த்துக்கலாம் என்றார்.

சோதனையை ஒழுங்காகத்தான் செய்தேன். நாலு கத்தி. ஒன்று, மிச்சமிருந்ததில் தடிமனான சீமைக் கத்தி. இரண்டாவது, லாரிக்கு அடியில் இருக்கிற வில்பட்டையை வாங்கிக் கொல்லரிடம் கொடுத்து அடித்தது. மூன்றாவது, தேய்ந்துபோன பெரிய அரத்தைக் காய்ச்சி அடித்தது. நாலாவது மாப்பிள்ளை. நாலுக்கும் அதே மூன்று கல்: சொரசொரப்பு, நடுத்தரம், நைசு. கல்லுக்கு இத்தனை இழுப்பு என்று எண்ணி இழுத்து, கடைசியில் தோல் வாரில் தேய்த்து முடித்தேன். ஒரே தொட்டித் தோல், ஒரே மரம், ஒரே கை. கை என்றால் சுடலை அண்ணன் கைதான். களைத்துப்போய்ச் சீவினான் என்று யாரும் சொல்லக்கூடாது என்று மாப்பிள்ளைக் கத்தியை எப்போதும் காலையில் முதலில் கொடுத்தேன். ஒவ்வொரு தோல் முடிந்ததும் நகத்தில் வைத்துப் பார்ப்போம். வழுக்கினால் அந்தக் கத்தி அவ்வளவுதான், கீழே வைத்துவிடவேண்டும். ஒரு தோலுக்கு ஒரு கோடு, சுவரில் சாக்பீஸால்.

வில்பட்டைக்கு ஒன்பது கோடு. சீமைக்குப் பதினொன்று. அரத்துக்குப் பதினாலு. ஆனால் அரத்தைப் பற்றி உண்மையைச் சொல்லவேண்டும்: தோலில் தைத்திருந்த ஒரு முள்ளில் பட்டு ஓரத்தில் பல் மாதிரிச் சில்லு பெயர்ந்துவிட்டது. அந்த இரும்பு அவ்வளவு கெட்டி, கெட்டி என்பதாலேயே உடையும். வில்பட்டை வளைந்து கொடுக்கும், உடையாது, தீட்டவும் சுலபம். என்னைக் கேட்டால் தினசரி வேலைக்கு வில்பட்டைதான். இதுதான் நீங்கள் கேட்ட இரும்பு சமாசாரம்.

மாப்பிள்ளைக்கு மூன்று கோடு. திரும்பத் திரும்பச் செய்தோம், மூன்றைத் தாண்டவில்லை. கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரம் ஒரு பக்கமாக மடிந்து நூல் மாதிரிப் படுத்திருக்கும்.

சுடலை அண்ணன் பல நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். சுவரைக் காட்டி, "எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குச் சர்டிபிகேட்டு குடுத்துட்டியேல," என்றார்.

அன்றே வைத்தி சாரிடம் சொன்னேன். "நாளைக்குக் காலம்பற முதலாளி வர்றார். நாலு கத்தியையும் ஆபீசுக்கு எடுத்துண்டு வா. அவர் முன்னாலேயே பார்த்துடலாம்," என்றார். எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது.

இனி வருகிற இடத்தை எழுதும்போது இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பேனா முள் தாளைக் கிழித்துவிட்டது. கோபத்தில்தான், வயசில் இல்லை.

சாயந்தரம் நாலு கத்தியும் என் பலகையில் கிடந்தன. சோதனை முடிந்த கோலத்தில், நாலும் மொண்ணையாக, மாப்பிள்ளையின் ஓரம் மடிந்து படுத்தபடி. காலையில் முதலாளி முன்னால் வைக்கவேண்டிய கத்திகள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்லை நனைத்தேன். யோசிக்கவே இல்லை. பெரிய மனுஷர் பார்க்கப்போகிறார், நான் கொண்டுபோகிற கத்தி மொண்ணையாக இருக்கலாமா? கை தானாகப் போயிற்று. மூன்று கல்லிலும் இழுத்து, வாரில் தேய்த்து, எண்ணெய் பூசி, நாலையும் தோலில் சுற்றி வைத்தேன். மடிந்த ஓரம், மூன்று தோலில் செத்த கத்தி, ஒரு மனுஷனின் பேர், எல்லாவற்றையும் சேர்த்துத் தீட்டி எடுத்துவிட்டேன்.

ஆபீசில் முதலாளி சேட் நாற்காலியில் இருந்தார். வைத்தி சார் பக்கத்தில் நின்றார். சுடலை அண்ணனை வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். சேட் மேஜையில் கிடந்த பேப்பரை எடுத்தார். ஒவ்வொரு கத்தியாக இழுத்தார். நாலும் வெட்டின. மாப்பிள்ளைதான் எல்லாவற்றிலும் அழகாக வெட்டியது. புதிதாகத் தீட்டினால் எந்த இரும்பும் பேப்பரை வெட்டும். தகர டப்பா மூடியைத் தீட்டினால் அதுகூட வெட்டும். கூராக இருப்பது வேறு, கூர் நிற்பது வேறு. நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது அப்போதுதான்.

வைத்தி சார் சிரிக்கக்கூட இல்லை. "வேலாயுதம் ரொம்ப நன்னா தீட்டியிருக்கான்," என்றார். பாராட்டு. என் வாழ்க்கையில் ஒரு மேலதிகாரி எனக்குக் கொடுத்த முதல் பாராட்டு அது.

சேட், கீழே வந்து சுவரைப் பாருங்கள், கோடு போட்டிருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். கோடு யார் வேண்டுமானாலும் போடலாமே என்றார் சேட். அப்படியானால் சுடலைமுத்து இந்தக் கத்தியில் உங்கள் முன்னால் அரை நாள் வேலை செய்யட்டும், நீங்களே பாருங்கள் என்றேன். அரை நாள் உட்கார்ந்து மாட்டுத்தோல் சீவுவதைப் பார்க்கச் சொல்கிறாயா என்று சேட் சிரித்தார். வைத்தி சார் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் விசாரணை. சுடலைமுத்துவின் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடு என்றார் சேட்.

வெளியே வந்தேன். சுடலை அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்திகளைப் பார்த்தார். மாப்பிள்ளையை எடுத்து நகத்தில் வைத்தார். கடித்து நின்றது.

"தீட்டிட்டியால?"

"தீட்டாம எப்படிண்ணே கொண்டு போவேன்?"

கத்தியைத் தோலில் சுற்றி என் கையில் வைத்தார். பிறகு, "நல்ல தொழில்காரன்ல நீ," என்றார். அதில் கேலி இருந்ததா இல்லையா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.

அன்று மத்தியானம் மிச்சம் ஆறு பேரும் நானும் பேசினோம். சண்டைக் காலம், வேலைநிறுத்தம் என்று வாய் திறந்தால் போலீஸ்தான் வரும். அதனால் வேலைநிறுத்தம் செய்யவில்லை. வைத்தி சாரின் சட்டத்தையே பிடித்துக்கொண்டோம். மறுநாள் காலையில் ஆறு பேரும் மாப்பிள்ளைக் கத்தியில் ஒழுங்காகச் சீவினார்கள். மூன்றாவது தோல் முடிந்ததும் நகத்தில் வைத்துப் பார்த்தார்கள். வழுக்கியது. கத்தியை ஆணியில் மாட்டிவிட்டு மரத்துக்குப் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்தார்கள். பொழுது உச்சிக்கு வர இன்னும் எவ்வளவோ இருந்தது.

வைத்தி சார் நாலாவது படிக்கு வந்தார். என்ன இது என்றார். மத்தியானம்தானே தீட்டலாம் சார், அதுவரை உட்கார்ந்திருக்கிறோம் என்றார்கள், மரியாதையாக, அவர் பேசுகிற மாதிரியே. என்னைப் பார்த்தார். சட்டம் அப்படித்தானே சார் என்றேன். மறுநாளும் அதே. அடுத்த நாளும் அதே. தொட்டியில் தோல் தேங்கி அளவுக்கு மீறி ஊறத் தொடங்கியது. நாலாவது நாள் அவர் நாலாவது படியிலிருந்து இறங்கினார். சுண்ணாம்புத் தண்ணீரில் அந்த வெள்ளை பேண்ட் கணுக்கால் வரை நனைந்தது. ஆணியில் தொங்கிய கத்தியை எடுத்துத் தன் நகத்தில் வைத்துப் பார்த்தார். வழுக்கியது. கத்தியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு மேலே ஏறினார். அந்த வாரமே கொல்லருக்கு வில்பட்டைக் கத்தி ஏழுக்கு ஆர்டர் போயிற்று.

ஏழு கத்தி. ஆள் ஆறு பேர். ஏழாவது ஆளைக் கூப்பிடுங்கள் சார் என்று போய் நின்றேன்.

"அது வேற விஷயம், இது வேற விஷயம்பா," என்றார்.

கத்தி தப்பு என்று மாற்றத் தெரிந்தவருக்கு, கையைப் பற்றிச் சொன்னது தப்பு என்று ஒரு வரி எழுத மனம் வரவில்லை. எழுதினால் யார் தப்பு என்று யாராவது கேட்பார்கள் அல்லவா. அவரைப் பற்றி இன்றைக்கும் மாட்டுங்காவில் நல்ல மனுஷர் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதிர்ந்து பேசமாட்டார் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுடலை அண்ணனைத் தேடிப் போனேன். கரி டிப்போவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மற்ற ஷாப்புகளில் கேட்டுப் பார்த்தீர்களா என்றேன். நாலு இடத்தில் கேட்டாராம். சதை சீவுகிற கைக்காரனா என்று கேட்டுவிட்டு, பேரைச் சொன்னதும் அடுத்த வாரம் வா என்றார்களாம். மாப்பிள்ளைக் கத்தி ஒழிந்தது, வில்பட்டை வந்துவிட்டது என்று நான் பெருமையாகச் சொன்னேன். என்ன நினைத்துச் சொன்னேனோ.

"கத்திய மாத்திட்டாவ. சரி," என்றார். கரி அப்பிய கையை முன்னால் நீட்டினார். "இத என்னல செய்ய?"

அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் கத்தி பிடிக்கவில்லை. நான் சண்டை முடிந்ததும் அந்த ஷாப்பை விட்டேன். செம்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்து, கத்தியும் கல்லுமாகவே இருந்து ரிடையர் ஆனேன். எந்த முதலாளியாவது, எந்த வியாபாரியாவது புதுக் கத்தியை எடுத்துப் பேப்பரை வெட்டிக் காட்டினால், அந்த இடத்தில் நான் சண்டை போடாமல் வந்ததில்லை.

கிங்ஸ் சர்க்கிளிலும் அதைத்தான் செய்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தம்பி, இந்தக் கத்தியைக் கொண்டுபோய் ஒரு ஓட்டலில் ரெண்டு நாள் காய் நறுக்கக் கொடு, பிறகு தீட்டாமல் இங்கே கொண்டுவந்து இவர்களிடம் காட்டு, துணிச்சல் இருக்கிறதா என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. கிழவனுக்கு விஷயம் தெரியவில்லை என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"தீட்டாம எப்படிங்கய்யா கொண்டாருவேன்?" என்றார்.

 பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வீடு இருக்கிற திலக் நகர் வரைக்கும் பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன். வழி முழுக்கத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். அந்தத் தம்பியை இல்லை.

சுடலைமுத்துவின் கை கெடவில்லை. இத்தனை வருஷம் கழித்தாவது, எழுத்தில், ஒரு இடத்தில் இருக்கட்டும்.